அண்ணனின் சைக்கிளும் என் நாற்காலியும்

அண்ணன் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. டயர் இரண்டும் போய்விட்டன. சீட்டின் தோல் கிழிந்துவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் இரண்டு முறை வந்து கேட்டும் அண்ணன் கொடுக்கவில்லை. "இருக்கட்டும், அது என்ன சோறா கேக்குது?" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் தபால்காரராக 38 வருஷம் வேலை பார்த்தவர். நான் அதே இலாகாவில் குமாஸ்தா. மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் என் உத்தியோகக் காலம் முழுவதும் கவுண்டருக்குப் பின்னால் போனது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே இலாகா, ஒரே ஊர்ச் சாப்பாடு. ஒருவர் சைக்கிளில், ஒருவர் நாற்காலியில். எங்கள் உடம்பு இரண்டும் எப்படிப் போயின என்பதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு என் பையன் சொன்ன ஒரு வார்த்தை என்னை எழுத வைத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அப்பா. அவர் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. நல்ல பருமன். மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். 1970 கார்த்திகை மாதம், கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவோடு அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டார். வயது 56. அவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் அளந்ததே இல்லை. அப்பாவின் அக்காவும் அதே மாதிரி வாதம் வந்துதான் போனார். பாட்டியும் கனத்த சரீரம். "நம்ம குடும்பத்து வாகு அப்படி" என்று அம்மா சொல்வாள்.

அப்பா போன மறு வருஷம் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு 22 வயது. இரண்டு வருஷம் கழித்து, எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கின் புண்ணியத்தில் நான் குமாஸ்தா ஆனேன். வீட்டில் எனக்குத்தான் மரியாதை. "சின்னவன் நெழல்ல உக்காந்து சம்பாதிக்கிறான்" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அண்ணனைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

அண்ணனின் பீட் ஊருக்கு வெளியே. வாய்க்கால் கரை, மண் ரோடு, நடுவில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டிய மூங்கில் பாலம். தினம் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. மாத ஆரம்பத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டர்கள். தை பிறக்கும்போது பொங்கல் வாழ்த்து அட்டைகள், சைக்கிள் கேரியரில் மூட்டையாக. மழைக்காலத்தில் தபால் பை நனையக்கூடாது என்று பையை ரப்பர் ஷீட்டில் சுற்றிவிட்டு அவர் நனைவார். வீட்டுக்கு வந்தால் குண்டான் சோறு சாப்பிடுவார். பழையது, நார்த்தங்காய், கருவாட்டுக் குழம்பு எதையும் ஒதுக்க மாட்டார். ஆனாலும் அவர் இடுப்பு பெல்ட்டில் முப்பது வருஷமும் ஒரே ஓட்டைதான்.

என் கதை வேறு. சேமிப்பு வங்கிக் கவுண்டரில் காலை உட்கார்ந்தால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகும் வரை எழுந்திருக்க வேலையில்லை. நாலு மணிக்குக் காபியோடு போண்டா வரும். என் பேண்ட்டுகளைத் தையல்காரர் பிரித்துப் பிரித்துத் தைத்தார். கடைசியில், "சார், இனிமே பிரிக்கத் துணி இல்லை" என்றார். நாற்பது வயதில் நான் 86 கிலோ. என்னைவிட மூன்று வயது மூத்த, என் உயரமே உள்ள அண்ணன் 64 கிலோ.

1996-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம். கூட வேலை பார்த்தவர் இழுத்துக்கொண்டு போனார். ரத்த அழுத்தம் 160-க்கு 100. எனக்கு அப்போது 44 வயது. டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "பரம்பரையும் இருக்கு, உங்க தொப்பையும் இருக்கு. மாத்திரை சாப்பிடுங்க, தினம் நடங்க" என்றார். அதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. பரம்பரை! அப்படியென்றால் என் மேல் தப்பில்லை அல்லவா? மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். நடக்க மட்டும் இல்லை. யாராவது கேட்டால், "எங்க வம்சமே இப்படித்தான்" என்று சொல்லிவிடுவேன்.

அண்ணன் வேறு விதம். "தம்பி, நீ உக்காந்து முத்திரை குத்தறே. நான் மிதிக்கிறேன். எனக்கு எங்கேருந்து வரும் பிரஷர்?" என்பார். ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான். இருந்தாலும் அவர் சொல்வது சரி என்றே நம்பினேன்.

2009-இல் அவர் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் சேர்ந்து ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்தார்கள். சைக்கிள் கொல்லைக்குப் போயிற்று. பால் வாங்க, ரேஷன் கடைக்குப் போக, நாலு வீடு தள்ளியிருக்கும் என்னைப் பார்க்க வருவதற்குக்கூட மொபெட்தான். சாப்பாடு மட்டும் பழைய அளவு. 25 கிலோமீட்டர் மிதித்தவரின் சாப்பாட்டை மிதிக்காதவர் சாப்பிட்டார். மூன்று வருஷத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது.

2013-இல் என் மாத்திரைக்கு டாக்டரிடம் போனபோது, அவரையும் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். 170-க்கு 100. அவர் முகம் தொங்கிவிட்டது. ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. "வாங்க அண்ணே, நம்ம கட்சிக்கு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். அண்ணி என்னிடம் வந்து சொன்னார், "தம்பி, மாத்திரையை எடுத்து வச்சா கோவப்படறாரு. தலை சுத்தலை, மாரு வலிக்கலை, எதுக்கு மாத்திரைங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு." நான் ஒரு தடவை சொன்னேன். "முப்பத்தெட்டு வருஷம் மிதிச்ச ஒடம்புடா" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பெரியவர், அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு அறுக்கிறது.

2014 தை மாதம், விடிகாலை. அண்ணி காபி கொடுத்திருக்கிறார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அண்ணி அலறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். நான் போய்ப் பார்த்தேன். அதே வலது பக்கம். ஒரு கணம் அப்பாவைத்தான் பார்த்தேன். காரைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார். பேச்சு மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது. நடையும் மெல்ல வந்தது. வலது கையில் மட்டும் பிடிப்பு இன்னும் முழுதாக இல்லை. சைக்கிள் ஓட்ட முடியாது.

என் மகள் பிளஸ் டூ வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவளிடம் கோபமாகவே கேட்டேன். "மிதிச்சவருக்கு ஸ்ட்ரோக். உக்காந்திருந்த நான் நல்லா இருக்கேன். அப்போ எல்லாம் தலையெழுத்துதானே?" அவள் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த விடுமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே மாடி பஸ். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் தினம் ஐந்நூறு, அறுநூறு படி ஏறி இறங்குவார். மாரடைப்பு நோய் நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. வந்தாலும் ஓட்டுநர்களுக்கு வந்த அளவு கடுமையாக இல்லை. 1953-இல் இது வெளிவந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த விஷயத்தைக் கேட்டுத்தான். அதே ஆராய்ச்சியில் அவர் தபால் இலாகாவையும் பார்த்திருக்கிறார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஆபரேட்டர்களையும் விட மாரடைப்பு குறைவு. எங்கள் இரண்டு பேரையும் பற்றி நாங்கள் வேலைக்குச் சேரும் முன்பே லண்டனில் எழுதி வைத்துவிட்டார்கள்!

ஆனால் மோரிஸ் அதோடு நிற்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஓட்டுநர், நடத்துநர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் பேண்ட் இடுப்பளவு பெரிது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இளம் வயது ஓட்டுநர்களுக்கும் பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் பருத்தார்களா, அல்லது பருமன் வாகு உள்ளவர்கள்தான் அந்த வேலைக்குப் போனார்களா? வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிறப்பிலேயே கொண்டுவந்த வாகும் இருக்கிறது.

அந்த வாகைப் பற்றி மகள் இன்னொன்று சொன்னாள். கனடாவில் 12 ஜோடி ஒத்த இரட்டையர்களுக்கு, அவர்களுடைய வழக்கமான தேவைக்கு மேல் தினம் ஆயிரம் கலோரி கூடுதலாகச் சாப்பாடு போட்டார்கள். நூறு நாளில் 84 நாள் இப்படி. எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல். ஒருவருக்கு ஏறியது நாலு கிலோ சொச்சம். இன்னொருவருக்குப் பதின்மூன்று கிலோ. ஆனால் இரட்டையரில் ஒருவருக்கு எவ்வளவு ஏறியதோ, ஏறக்குறைய அவ்வளவே அவர் உடன்பிறப்புக்கும் ஏறியிருந்தது. "தண்ணி குடிச்சாலே சதை போடுது" என்று சிலர் சொல்வதை நாம் கேலி செய்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. என்ற மரபணுவை 2007-இல் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு வகையை அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டு பக்கமும் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதல். அவர்களுக்குப் பசி அடங்குவது கொஞ்சம் தாமதம். இரண்டு லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2011-இல் வந்தது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவால் வரும் பருமன் அபாயம் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. மறைந்துவிடவில்லை, குறைந்திருந்தது.

நான் மகளிடம் மடக்கிக் கேட்டேன், "மூணு கிலோதானே? எனக்கும் பெரியப்பாவுக்கும் வித்தியாசம் 22 கிலோவாச்சே?" அவள் சிரித்துவிட்டாள். "மிச்சம் 19 கிலோவுக்கு நாலு மணி போண்டாகிட்ட கேளுங்கப்பா" என்றாள். எடைக்கு இன்னும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உண்டு என்றும், உடன்பிறந்தவர்களுக்கும் அவை வேறு வேறு விதமாகக் கலந்து வரும் என்றும் பிறகு சமாதானமும் சொன்னாள். போண்டா என்னவோ மனசில் நின்றுவிட்டது.

பீமா என்ற ஓர் இனத்தைப் பற்றியும் சொன்னாள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பகுதியினர். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ மலைக் கிராமங்களில் இன்னொரு பகுதியினர். முன்னோர்கள் ஒன்று. மலையில் இருப்பவர்கள் விவசாயமும் மரவேலையும் செய்து, சோளமும் பீன்ஸும் சாப்பிடுகிறவர்கள். அரிசோனாக்காரர்கள் காருக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் மாறியவர்கள். 1994-இல் இரண்டு பக்கமும் எடை பார்த்தால், மலைக்காரர்கள் சராசரியாக 26 கிலோ குறைவு. அதைக் கேட்டபோது எனக்கு மொபெட்தான் ஞாபகம் வந்தது.

ரத்த அழுத்தமும் இப்படித்தான். அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிற இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் செய்வது ஒரு பாயிண்டுக்கும் குறைவு. பல சில்லறைகள் சேர்ந்து பெரிய தொகை ஆவது போல. ஒருவருக்கொருவர் உள்ள ரத்த அழுத்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பரம்பரையால் என்கிறார்கள். மிச்சம் உப்பு, எடை, உழைப்பு, வயது, மது, தூக்கம்.

உழைப்பு இதில் எப்படி நுழைகிறது? தினம் வேகமாக நடந்தாலோ மிதித்தாலோ ரத்தக்குழாய்கள் இளகி விரிகின்றன. அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண்ணில் ஐந்து முதல் எட்டுப் பாயிண்ட் வரை குறைகிறது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு பாயிண்ட். ஆனால் நடையை விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்தப் பலன் கரைந்துவிடும். இதுதான் அண்ணனுக்குத் தெரியாமல் போன விஷயம். வாழ்நாள் முழுக்க சேமிப்பு வங்கியில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. 38 வருஷம் மிதித்ததை அவர் ஃபிக்சட் டெபாசிட் மாதிரி நினைத்துவிட்டார். அது தினக்கூலி. அன்றன்றைக்கு உழைத்தால் அன்றன்றைக்கு உண்டு.

அவர் சைக்கிள் வீண் போனதா என்றால், இல்லை. ஸ்ட்ரோக் வந்த பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார், "உங்க அப்பாவுக்கு ஐம்பத்தாறு. உங்க அண்ணனுக்கு அறுபத்தஞ்சு. அதுவும் மாத்திரையை விட்டதுக்கு அப்புறம். வேலை செஞ்ச ஒடம்புங்கறதாலதான் இவ்வளவு சீக்கிரம் எழுந்து உக்காந்தார்." நான் தப்பியதற்குக் காரணம் தலையெழுத்தல்ல. 1996-இலிருந்து ஒரு நாள் விடாமல் போட்ட மாத்திரைதான் என்றும் சொன்னார். நான் பரம்பரையைச் சாக்கு வைத்து நடக்கவில்லை. அவர் சைக்கிளைச் சாக்கு வைத்து அளக்கவில்லை. இரண்டு பேருக்கும் கையில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றப் பாதியைப் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

இப்போது எனக்கு 72, அண்ணனுக்கு 75. தினம் சாயங்காலம் ஹரித்ரா நதி தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். அண்ணனுக்கு ஒரு சுற்று, எனக்கு இரண்டு. அவர் வடகரைப் படியில் உட்கார்ந்து குளத்துக்கு நடுவில் இருக்கும் கோயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் இரண்டாவது சுற்றை முடித்துவிட்டு வருவேன். என் எடை இப்போது 74. மாத்திரை நிற்கவில்லை. ஆனால் இரண்டாக இருந்தது டாக்டர் சொல்லி ஒன்றாகியிருக்கிறது. நாமே குறைக்கக் கூடாது, அதை அண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஊறுகாயும் அப்பளமும் பண்டிகைக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மெஷினில் இரண்டு பேருக்கும் அளக்கிறேன். காபிக்கு முன்னால், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு. அண்ணனுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் கஷ்டம். ஒரு நீள நோட்டில் பாஸ்புக் மாதிரி கட்டம் போட்டு எழுதி வருகிறேன். அவருக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி.

பையன் சொன்ன வார்த்தையைச் சொல்கிறேன் என்றேனே. அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். வயது 41. நாற்காலி என்னுடையதைவிட உசத்தி. அவ்வளவுதான் வித்தியாசம். பொங்கலுக்கு வந்தவனை விளையாட்டாக உட்கார வைத்து அளந்தேன். 148-க்கு 94. இரண்டாம் தரமும் கிட்டத்தட்ட அதே. நான் பேசாமல் அவனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "என்னப்பா பண்றது, நம்ம ஃபேமிலியே அப்படித்தானே?"

1996-இல் நான் சொன்ன அதே வாக்கியம். பருமனோடும் பிரஷரோடும் அந்தச் சாக்கையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் எதுவும் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். "இதைக் கொஞ்சம் புடிச்சுப் பாருடா" என்றார். பிடித்துப் பார்த்தான். அன்று சாயங்காலம் குளத்தங்கரைக்கு எங்களோடு அவனும் வந்தான். சென்னைக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறான். ஆபீசிலிருந்து வரும்போது இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடப்பதாகச் சொல்கிறான். ஞாயிறு காலை போன் பண்ணி எண்களைச் சொல்வான். நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டிருக்கிறேன். போன வாரம் 136-க்கு 86.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சொத்து விவரம் எழுதி வைப்பதைவிட இது முக்கியம். அப்படியே, நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு அளக்காமல் இருக்கும் அண்ணனோ தம்பியோ இருந்தால், ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள்.